'இன்னொரு தடவை' அம்மையாரின் ஒரே பிழை

வேரும் விதையும் மறைத்த வேதிப்பொருள்களை விசாரித்தே வெளிக்கொணர்ந்த வித்தகியே! தங்கள் காலடி ஓசை கேட்டதும் ஆல்கலாய்டுகள் இலைக்குள்ளிருந்து கைதூக்கிச் சரணடைந்த கதையின் நாயகியே! ஆய்வகம் முழுக்க 'இன்னொரு தடவை' என்னும் திருப்பெயரால் அழைக்கப்படும் அம்மையீர், வணக்கம்!

முப்பத்து நான்கு ஆண்டுகள்! தாங்கள் எடுத்த வரைபடத் தாள்களை வரிசையாக ஒட்டினால் நிலவுக்குப் போய்த் தேநீர் குடித்துத் திரும்பலாம். சாற்றைப் பிரிக்க ஒரு கருவி, பிரிந்ததில் ஒளி பாய்ச்ச ஒரு கருவி, அதை எடைபோட ஒரு கருவி. மூன்றும் ஒரே பெயரைச் சொல்லும்வரை தாங்கள் கையெழுத்திட்டதே இல்லை. ஒன்று முரண்டு பிடித்தாலும் அந்தப் புகழ்பெற்ற வாக்கு வரும்: "இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துருவோமே!"

தங்களுக்கு முன்பே ஓய்வுபெற்று, காலை பத்து மணிக்குக் கண்விழிக்கும் பேரின்பத்தில் திளைக்கும் என்னை, தங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க இம்மடல் எழுதும்படி ஊழியர்கள் பணித்தார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். தங்கள் பெயரில் பதிவான ஒரே பிழையைத் திருத்தத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு காட்டுக்கொடியின் இலைச்சாற்றில் நான் புதிய ஆல்கலாய்டு 'கண்டுபிடித்தேன்'. வரைபடத்தில் மலைபோல் ஒரு முகடு! அந்த மயக்கத்தில் எடைக் கருவி சொன்னதைப் பார்க்கவே இல்லை. அதற்கு என் மனைவியின் பெயரைச் சூட்டி, வீட்டிலும் சொல்லிவிட்டேன். மறுநாள் இயக்குநர் உலகுக்கு அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. தாங்களோ இலையே சேராத வெறும் கரைப்பானை ஓட்டினீர்கள். அதிலும் அதே மலை!

"அண்ணே, காப்பிய எது வச்சு பிளாஸ்க்ல ஊத்துறீங்க?"

"அந்தக் கண்ணாடிப் புனல்தான். ஏம்மா?"

"கரைப்பான் ஊத்துறது?"

"அதுவும் அதே... ஐயையோ!"

"உங்க ஆல்கலாய்டுக்கு ஏற்கெனவே பேரு வச்சுட்டாங்கண்ணே. காஃபீன்."

இயக்குநர் கொதித்து வந்து நின்றபோது, "கருவிய நான்தான் சார் சரியா கழுவாம விட்டுட்டேன்" என்றீர்கள். பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டீர்கள். என் மானம் தப்பியது. தங்கள் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. வாய் திறக்காமல் நின்ற வீரன் நான்.

இன்று காலை, இப்போதைய இயக்குநரின் அனுமதியோடு, அதே பதிவேட்டின் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்: 'பிழை என்னுடையது. காப்பியும் என்னுடையது.' இனி அந்த ஏட்டில் தங்கள் பெயரில் ஒரு கறையும் இல்லை. இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கும் இடத்தில் மாட்டுங்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் மனைவி இச்செய்தியை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். எனக்காகவும் சற்று வேண்டிக்கொள்ளுங்கள்.

நன்றி அம்மையீர், பத்தொன்பது ஆண்டு தாமதமான நன்றி! உடலில் நோயின்றி, உள்ளத்தில் குறையின்றி நூறாண்டு வாழ்க! நூறு நிறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துருவோமே!

என்றும் தங்கள் அன்பில்,
ஆய்வக ஊழியர்கள்
மற்றும் புனல்காரன்