தேசிக்காய் வைக்க ஓர் இடம்

இருக்கைத் தோலுக்கு நிறம் தேர்ந்தெடுக்கத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. காரின் வெளி நிறத்தை அப்பா உடனே சொல்லிவிட்டார்: கரும்பச்சை. முன்பலகைக்கு எந்த மரம் என்பதிலும் அவருக்குக் குழப்பமில்லை. தோல்தான் சிக்கல். இங்கிலாந்திலிருந்து தொழிற்சாலைக்காரர்கள் அனுப்பிய துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, காலை வெளிச்சத்திலும் பார்த்தோம், விளக்கைப் போட்டும் பார்த்தோம். கடைசியில் நான்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காய்ந்த புகையிலை நிறம். அப்பா அதை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். "ஓம். இதுதான்," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் கேட்டது இதைப் பற்றியல்ல. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன். ஜேர்மன் எனக்கு நன்றாக வரும். வேலையிடத்தில் நாள் முழுவதும் அதுதான். ஆனால் அப்பாவைப் பற்றி நான் ஜேர்மனில் யோசித்ததில்லை. ஆகவே தமிழில் எழுதித் தருகிறேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்வார்.

என் பெயர் நிலோஜினி. பொருளறிவியல் படித்தேன். பிளாஸ்டிக் உதிரிப்பாகங்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அதிகம் கதைக்கமாட்டேன். அது குற்றமல்ல.

அப்பா தங்கராஜா, ஓய்வு பெறும்வரை லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் நின்றவர். வசந்தம் வந்தால் அந்த ஹோட்டலில் ஆங்கிலக் கார்ச் சொந்தக்காரர்கள் கூடுவார்கள். கையால் செய்யப்படும் கார்கள். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, கூரையென்று சொல்ல ஒரு துணி. அப்பா பின்கதவால் ஏப்ரனோடு வெளியே வந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை ஒரு பெண்மணி, படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டாராம். அப்பா தள்ளி நின்றார். அந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே. ஓய்வூதியப் பணத்தை அவர் மொத்தமாக எடுத்தபோது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மா கேட்டார். "உதென்ன காரோ, குளிக்கிற தொட்டியோ? நாலு பேர் உள்ள வீட்டுக்கு ரெண்டு சீட்டோ?"

"நீர் பஸ்ஸில வாரும். உமக்கு அதுதான் சொகுசு," என்றார் அப்பா.

தொழிற்சாலைக்கு அப்பாவோடு போனவள் நான். அவருக்கு ஆங்கிலம் கதைக்க ஆள் வேண்டும். தங்கை சரணியாவுக்கு அப்போது ஃப்ரிபூர்க்கில் பரீட்சை. தொழிற்சாலை இருப்பது மழை ஈரமான ஒரு சிறிய ஊரில். கார்களை ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்குக் கையால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அலுமினியத் தகட்டுக்குள்ளே இருக்கும் சட்டம் மரம். எங்கும் மரச்சீவல் மணம். அப்பா ஒவ்வொரு மர இணைப்பையும் தொட்டுப் பார்த்தார். நான் இடையிடையே மொழிபெயர்த்தேன். அப்படித் தொடர்ந்து அவரோடு கதைத்தது எனக்கு அதுதான் முதல்முறை.

அங்கே ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காலின் நீளத்தை அளந்து இருக்கையைப் பொருத்துவார்கள். நாங்கள் கேட்ட மாதிரியில் பக்கத்து இருக்கை நகராது. மரத்தில் துளையிட்டு, போல்ட் போட்டு, ஒரே இடத்தில் இறுக்கிவிடுவார்கள். என்னை ஒரு வெற்றுச் சட்டத்தில் அமரவைத்து அளந்தார்கள்.

"கால் எட்டுதோ பிள்ளை?" என்றார் அப்பா.

"எட்டுது அப்பா."

எனக்கென்று அளந்து செய்யப்பட்ட பொருள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பிறகு அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தேசிக்காய் வைக்க ஒரு குழி வேணுமெண்டு கேள். முன்பலகையில, உருளாத மாதிரி."

எங்கள் ஆட்கள் கார் எடுத்தால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஐயர் பூசை செய்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து நசிப்பார். இன்னொன்றை உள்ளே வைக்கத் தருவார், கண்ணூறு படாமலிருக்க. அதைக் கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டும். மற்றக் கார்களில் அதற்கு ஏதாவது தட்டு இருக்கும். இந்தக் காரில் இல்லை. எதைக் கேட்டாலும் செய்து தருவோம் என்று எங்களை அளந்த தொழிற்சாலை மனிதர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நாய்க்குத் தனி இடம் கேட்டவர்கள்கூட உண்டாம். அவர் பென்சிலோடு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எனக்குக் காது சுட்டது. தேசிக்காய் என்றால் ஏன் என்று கேட்பார். விளக்க வேண்டும். தரைவிரிப்பு நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்டேன். அவர் விரிவாகப் பதில் சொன்னார்.

"அப்பிடிச் செய்யேலாதாம் அப்பா."

"சரி விடு. அவங்களுக்கு விளங்காது."

இதில் நான் செய்த பிழை அது ஒன்றுதான் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன்.

கார் வந்தது. கோயில் வாசலில் பூசை நடந்தது. ஐயர் தட்டோடு உள்ளே போனதும் சரணியா கதவைத் திறந்து ஏறி அமர்ந்துவிட்டாள். அவள் என்னைவிட நல்ல உயரம். முழங்கால்கள் முன்பலகையில் முட்டின.

"அப்பா, என்ன இது, குள்ளருக்குச் செய்த காரோ? முழங்கால் வாயில முட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார். அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் வீடு வந்தோம்.

அதன் பிறகு சரணியா ஞாயிறு தவறாமல் ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்தாள். நான் ஒருமுறை போனேன், ஏரியின் மறுகரை வரை. வழி முழுவதும் தேசிக்காயை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். திரும்பி வந்ததும் அப்பா அம்மாவிடம் பகிடியாகச் சொன்னார். "இவளோட போனா, ஆள் இருக்கோ விழுந்திட்டுதோ எண்டு அடிக்கடி திரும்பிப் பாக்கவேணும். சின்னவள் எண்டா காத்துக்கு மேலால கத்துவாள்."

நானும் சிரித்தேன். உண்மைதான். அந்தக் காரில் காற்று இரைச்சல் அதிகம்.

வார நாள்களில் காரைத் துடைப்பது என் வேலை. யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். மே மாதம் ஒருநாள் துடைக்கும்போது பக்கத்து இருக்கை பின்னால் போயிருப்பதைக் கண்டேன். அப்பா கராஜில் கொடுத்து மாற்றியிருந்தார். புதிய துளைகள். பழைய துளைகள் முன்னால் திறந்தபடி கிடந்தன. விரலை வைத்துப் பார்த்தேன். மரத்தூள் ஒட்டியது. ஏறி அமர்ந்து பார்த்தேன். கால் எட்டவில்லை.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் அப்பாவின் பாதுகாப்பு. அவர் வேகமாக ஓட்டத் தொடங்கியிருந்தார். அவள் கத்தக் கத்த வேகம் கூடியது. நான் சொன்னால் கேட்கமாட்டார். நான் சொல்வதும் இல்லை. ஒரு சிறிய பயம் வந்தால் போதும் என்று நினைத்தேன். சமதரையில், சந்தியில், ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் எதிலாவது மெதுவாக முட்டினால் காரை விற்றுவிடுவார் என்று.

கிழமைக்கொருமுறை தேசிக்காய் மாற்றுவதும் என் வேலைதான். நான் மாற்றுவதை நிறுத்தினேன். அது மட்டும்தான் செய்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதற்கு முன் மாற்றிய பழையவற்றையும் எறியாமல் வைத்திருந்தேன். ஆய்வுகூடத்தில் மதிய இடைவேளையில், வெவ்வேறு வயதுத் தேசிக்காய்களை அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது சீக்கிரம் வெடித்துச் சாறு விடும். அதன் மேல் பிரேக்கை மிதித்தால் கால் தரைக்குப் போய்விடும், ஆபத்தில்லை. மிக நன்றாகக் காய்ந்தது ஓடுபோல் நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பருவம் உண்டு. தோல் சுருங்கி, உள்ளே சதை இறுகி, சப்பாத்தின் அடிபோல் ஆகிவிடும். அது எளிதில் வழிவிடாது. இயந்திரத்தின் தட்டுகளை அல்கஹோல் விட்டுத் துடைத்தேன். கூட வேலை செய்பவர் எட்டிப் பார்த்து, இன்றைக்குச் சமையலும் இங்கேதானா என்று கேட்டார். ஆம் என்றேன்.

நிறம்தான் காட்டிக்கொடுக்கும். அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். கோயில் தேசிக்காய் அப்படித்தான் இருக்கும். மஞ்சள் பூசினால் வயது தெரியாது.

அந்தக் காரில் ஓட்டுபவரின் காலடி மிக ஒடுக்கம். அப்பா அதற்கென்றே ஒடுங்கிய சப்பாத்து வாங்கியிருந்தார். பிரேக் மிதிக்குப் பின்னால் ஒரு தேசிக்காய் போகும் அளவுக்கு இடம் உண்டு. அதையும் பார்த்து வைத்திருந்தேன்.

ஜூன் கடைசி ஞாயிறு. அப்பா காலையிலேயே கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். "பனி போய், கிளவுசன் மலைக் கணவாய் திறந்திட்டாங்கள். ஏறி மற்றப் பக்கம் இறங்கிச் சாப்பிட்டிட்டு வாறம்." கணவாய்க்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியாது என உங்கள் பொலிஸ் அதிகாரியிடம் முதலில் சொன்னேன். தெரியும். சனிக்கிழமையே சொல்லியிருந்தார். அது சமதரை அல்ல என்பதும் தெரியும். அந்தக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளை நான் படத்தில் பார்த்திருந்தேன்.

சரணியா ஏறி அமர்ந்தாள். நான் தேசிக்காயை அவள் கையில் கொடுத்தேன்.

"ஐயோ அக்கா, என்ன இது கல்லு மாதிரி?"

"நல்ல தேசிக்காய் எண்டா அப்பிடித்தான்."

"மடியில வைச்சா உடுப்பெல்லாம் மஞ்சளாகும்."

"அப்ப நடுவில வை. அப்பாக்குப் பக்கத்தில."

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவில், அங்கே வைத்தது இடப்பக்கம் விழும். அப்பா இருப்பது இடப்பக்கம். இறக்கத்தில் அது முன்னோக்கி உருளும். இதற்குப் பொருளறிவியல் தேவையில்லை.

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "உனக்கு ஏதும் வேணுமோ பிள்ளை, வாங்கியாறன்?" ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது அது.

மீதியை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். பாறையில் மோதியது ஓட்டுபவர் பக்கம். அலுமினியத் தகடு காகிதம்போல் மடிந்ததாம். மரச்சட்டம் வலப்பக்கத்தில் உடையவேயில்லையாம். அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். சரணியாவுக்குக் கால் முறிந்தது. மிதிக்குப் பின்னாலிருந்து தேசிக்காயை எடுத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது நசியவில்லை என்று சொன்னார்கள். எனக்குத் தெரியும்.

சடங்குக்குச் சரணியாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் அக்கா விட்டனான். உடுப்பைப் பாத்தன். மடியில வைச்சிருந்தா அப்பா இருந்திருப்பார்."

"ஒருத்தரும் உன்னைக் குறை சொல்லேல்லை," என்றேன்.

அது உண்மை. அவளே சொல்லிக்கொள்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மறுப்பதில்லை. இப்போது அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காற்றுக்கு மேலால் கத்தியவள் அதைத் தவிர வேறெதற்கும் வாய் திறப்பதில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று நான்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேசிக்காயைத் தெரிந்தெடுத்தது நான், மஞ்சள் பூசியது நான், எங்கே வைப்பது என்று சொன்னது நான். பயம் காட்ட மட்டும் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம். அந்த வளைவுகளைப் பார்த்த பிறகும் நான் கையை நீட்டி அதைத் திருப்பி வாங்கவில்லை. அப்பாவைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டால் இல்லை. ஆபத்து பக்கத்து இருக்கை இருந்த வலப்பக்கத்தில் வரும் என்று நினைத்திருந்தேன். கார்கள் வெளிப்பக்கமாகத்தான் விழும் என்று ஏனோ நம்பியிருந்தேன். அந்த இறக்கத்தில் பள்ளம் வலப்பக்கம். அப்பா கடைசி நொடியில் ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம், தன் பக்கம், திருப்பியிருக்கிறார். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சிறிய வேண்டுகோள் மட்டும். கார் உங்கள் காவலில் இருக்கிறது. வழக்கு முடிந்தால் அம்மா அதை உடைக்கக் கொடுத்துவிடுவார். அதற்கு முன் யாரையாவது விட்டு, பக்கத்து இருக்கையைக் கழற்றி முன் துளைகளில் பூட்டச் சொல்லுங்கள். துளைகள் அப்படியேதான் இருக்கும். அது என்னை அளந்து செய்தது.