வரையாட்டுப் பாறைக்குப் போன வாட்சர்

சாயங்காலம் ஐந்தரை மணி. நீலகிரியில் நடுவட்டத்துக்கு மேலே, தேயிலை எஸ்டேட் முடிந்த பிறகு தொடங்கும் காட்டுப் பாதை. ஆள் நடமாட்டம் கிடையாது. என் சிநேகிதன் லெஸ்லியின் தாய்மாமன் அம்புரோஸ் அந்தப் பாதையில் ஓடிவந்துகொண்டிருந்தார்... தனியாக.

எண்பத்து மூன்றாம் வருஷம். சரணாலயத்தில் வரையாடுகளுக்குப் புல் மிச்சமிருக்கிறதா, அவற்றுக்கு என்னென்ன ஆபத்து என்று பார்த்துச் சொல்லும் வேலை அவருக்கு. துணைக்கு வனத்துறை வாட்சர் கந்தன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன்.

அன்று பார்த்தது எதுவும் நல்லதாக இல்லை. புல்லாக இருந்த சரிவு முழுக்க, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம். சேற்றில் நாய்களின் கால்தடம். மிச்சமிருந்த சில ஆடுகள் பள்ளத்தின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு நின்றன. அதற்கப்பால் அவற்றுக்குப் போக்கிடமே இல்லை.

குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்கக் கந்தன் பாறையில் இறங்கினான். பாசி வழுக்கியது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம்... கால் எலும்பு.

அம்புரோஸ் அவனை மேலே இழுத்து ஒரு பாறையடியில் படுக்கவைத்தார். தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது.

“போயி ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க சார். நா எங்க போயிரப் போறேன்?”

“அசையாத கந்தா. வந்துருவேன்.”

கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு ஓடினார். பாதை தெரியவில்லை. விழுந்தார், எழுந்தார். கத்தினார்... பனி குரலை விழுங்கியது. ஆண்டவரே, பாலாமணிக்கு என்ன பதில் சொல்வேன்? கந்தன் பெண்டாட்டியின் முகமே கண்ணில் நின்றது. எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து விளக்கு தெரிந்தபோது அழுதேவிட்டார்.

கம்பளி, மூங்கில், பெட்ரோமாக்ஸ் சகிதம் ஒச்சப்பனும் இன்னும் மூன்று தொழிலாளிகளும் கூடவே ஏறினார்கள். பாறையடியில் கோட்டு மட்டும் கிடந்தது.

கந்தன் இல்லை.

புல் நசுங்கி ஒரு தடம்... பள்ளத்தை நோக்கி. நெடுக ரத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், முறிந்த காலை இழுத்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்துகொண்டிருக்கிறான். தலை விளிம்பைத் தாண்டிவிட்டது. ஒச்சப்பன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான்.

“விடுங்க! கீழருந்து சார் கூப்புடறாருங்க!”

“நான் இங்க இருக்கேன் கந்தா!” அம்புரோஸ் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டினார்.

கந்தன் திரும்பிப் பார்த்தான். அலறினான்.

“அய்யோ... இது யாருங்க?”

காற்று நின்றது. கிடா மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது. கீழே, அடி தெரியாத பள்ளத்திலிருந்து ஒரு குரல்... அம்புரோஸின் குரல். அதே இழுப்பு.

“வா கந்தா... இன்னுங் கொஞ்சந்தான்.”

ஐந்து பேருக்கும் கேட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திமிறியவனைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கந்தன் பிழைத்தான். கால் கூடிவர மாசக்கணக்காயிற்று. அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லியிருந்தார் அம்புரோஸ். ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனார். வெளியே அடர்ந்த பனி. கதவைத் தட்டினார்.

பாலாமணிதான் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க சார்... இப்பத்தான அவரக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனீங்க?”