புரோமின் நீர் கேட்டவள்

டீ வேண்டாம் ஐயா, மாலையில் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். நீங்கள் குடியுங்கள்.

சுகாசினி என்னிடம் படித்தவள். பிறகு எங்கள் கல்லூரியிலேயே, என் வேதியியல் துறையிலேயே ஆசிரியை ஆனாள். அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவனே நான்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஆய்வகத்தில் நிறைவுறா ஹைட்ரோகார்பனைக் கண்டறியும் சோதனையை மாணவர்களுக்குச் செய்து காட்டினேன். திரவத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊதா நிறம் மறைந்தது. "அப்போ இது நிறைவுறாச் சேர்மம்," என்றேன்.

சுகாசினி பின்னாலிருந்து சொன்னாள்: "ஆல்டிஹைடு இருந்தாலும் இந்தக் கலர் போயிடும் சார். புரோமின் தண்ணியும் விட்டுப் பாத்தாத்தானே உறுதியா சொல்ல முடியும்?"

அவள் சொன்னது சரி. மாணவர்கள் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. புரோமின் வாங்க அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். புரோமின் ஆவி அப்படிப்பட்டவர்களுக்கு ஆகாது. "எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுனா போதும் சார், நான் பாத்துக்கறேன்," என்றாள்.

செய்முறைத் தேர்வன்று காலை, மாணவர்கள் வருமுன், புரோமின் நீர் தயாரிக்க உள்ளறைக்குப் போனாள். ஃபேன் ஓடவில்லை. வயரைக் கழற்றியிருந்தது நான்தான். "சின்ன வேலைதானேம்மா, சீக்கிரம் முடிச்சிடு," என்று சொல்லிக் கதவை வெளியே தாழிட்டேன். ஆவி மற்றவர்கள்மேல் படக் கூடாதல்லவா.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். திறந்தேன். உடனே அல்ல.

அலுவலக உதவியாளர் மஹாலட்சுமி சத்தம் கேட்டு ஓடிவந்து, கைப்பையைக் கவிழ்த்து இன்ஹேலரைத் தேடினாள். நானும் உட்கார்ந்து தேடினேன். அது என் பேன்ட் பையில் இருந்தது. மஹாலட்சுமியைத் தேர்வு வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சுகாசினியை நானே ஆட்டோவில் ஏற்றினேன்.

"ராஜ வீதில தேர் வந்துக்கினு இருக்குது சார். சுத்திக்கினு போயிடலாமா?" என்றார் ஆட்டோக்காரர்.

நேராகவே போகச் சொன்னேன். தேருக்குப் பின்னால், கூட்டத்துக்கு நடுவில் நின்றோம். அவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

சுகாசினி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். பேச முடியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி தளரும்வரை நானும் கையை எடுக்கவில்லை.

இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: கடைசிவரை அவளுக்கு என்மேல் மரியாதை இருந்தது.