உள்ளே என்ன கட்டியிருந்தா?

— கதவைச் சாத்திட்டு வா.

— சாத்தினா இந்த ரூம்ல மூச்சு முட்டும்க்கா. அத்தனை பேர் செருப்பும் இங்கேதான் கிடக்கு.

— முட்டட்டும். சாத்து. தாழ்ப்பாளும் போடு.

— போட்டாச்சு. என்ன இது, ஆளை அடிக்கப் போற மாதிரி...

— விளையாடாதே. விசாரணை ஆபீசர் வர்ற நேரம். சூப்பர்வைசர்ங்கறதால முதல்ல என்னைக் கூப்பிடுவார். அடுத்தது உன்னை.

— என்னை எதுக்கு? தீப்பிடிச்சப்ப நான் டின்னுக்கு மூடி போடுற மேஜையில இருந்தேன். ட்ரம்முலேர்ந்து பெயிண்ட் தின்னர் ஊத்திக்கிட்டிருந்தது சிட்டு.

— அதான் சொல்றேன். சிட்டு உன் நாத்தனார். ஒரே வீடு, ஒரே அலமாரி. அவ உள்ளே என்ன கட்டியிருந்தான்னு உன்னைத்தானே கேப்பார்?

— கேக்கட்டும். ஒரு பொண்ணு ஸ்கர்ட்டுக்குள்ள என்ன கட்டியிருந்தான்னு எல்லாருமா உக்காந்து விசாரிங்க. தொடை வெந்து கிடக்கிறவளை, வலிக்குதாம்மான்னு கேக்கத்தான் ஆள் இல்லை.

— நான் கேட்டேனே! ஆஸ்பத்திரிக்கு வந்தேனா இல்லையா?

— வந்தீங்க. வாசல்லயே நின்னீங்க. கட்டில் பக்கத்துல வரவே இல்லை.

— எனக்கு அந்த மருந்து வாசனை ஒத்துக்காது.

— ஆமாமா. பொழுதன்னிக்கும் தின்னர் வாசனையில உக்காந்திருக்கிறவங்களுக்கு மருந்து வாசனை ஒத்துக்காதுதான்.

— குத்திக் காட்டாதே... நேரம் இல்லை, சொல்றதைக் கேளு. மேனேஜர் காலையிலேயே சொல்லிட்டார். இனிமே தின்னர் ரூமுக்குள்ள உள்பாவாடையே கூடாதாம். உரசினா பொறி வரும்னு ஏற்கெனவே தடுத்த நைலான் மட்டுமில்லை, காட்டனும் வேணாமாம். கம்பெனி குடுத்த ஸ்கர்ட்டோட வந்தா போதுமாம்.

— அந்த ஸ்கர்ட்டை அவரை ஒரு நாள் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க.

— ஷ்ஷ்... மெல்லப் பேசு.

— என்ன மெல்ல? இந்த வருஷம் குடுத்தது துணியாக்கா? கொசுவலை! ஆவி போகணும்னு பின்வாசலைத் திறந்தே வெச்சிருக்கோம். வெயில் பூரா முதுகுப்பக்கமா வருது. முன்னாடி லோடு ஏத்துறவங்க வரிசையா உக்காந்து டீ குடிக்கிறாங்க. டீ மட்டுமா குடிக்கிறாங்க?

— ஸ்கர்ட்டு மெல்லிசுதான். நான் எங்கே இல்லைன்னேன்?

— அப்புறம் உள்பாவாடையை அவுக்கச் சொன்னா எப்படி?

— இந்தக் காலத்துல யாரும்மா உள்பாவாடை கட்டுறா? வெளியில போய்ப் பாரு. பொண்ணுங்க பாட்டுக்குக் கவுனை மாட்டிக்கிட்டு ஜம்முனு போகுதுங்க. நாமதான் இன்னும் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டு, இடுப்புல தழும்பு வாங்கிக்கிட்டு...

— சிட்டுவும் இதையேதான் சொல்லுவா. வீட்டுல என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவா. 'அண்ணி, நீங்க வெங்காயம். உரிச்சா உரிச்சா வந்துக்கிட்டே இருக்கும்'பா.

— சொல்லக்கூடியவதான் அவ.

— இந்த ஸ்கர்ட்டைப் போட்ட முதல் நாளே வாயை மூடிட்டா. சாயங்காலம் வந்து, 'அண்ணி, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க, நல்ல தடிச்ச காட்டன்ல'ன்னா. வெளியில போறவளுக்கு வேணுமா வேணாமாங்கறது அவ இஷ்டம். இங்கே நம்ம இஷ்டத்துக்கு என்ன இருக்கு?

— உயிர் பெருசா, கால் தெரியறது பெருசா? அதைச் சொல்லு முதல்ல.

— ஏன், ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துக்கணுமா? தடிச்ச துணியில ஸ்கர்ட்டு தச்சுக் குடுத்தா ரெண்டும் மிஞ்சும்.

— இதையெல்லாம் ஆபீசர் முன்னாடி எடுத்து விடாதே, புண்ணியமா போகும்.

— பின்னே எதைச் சொல்லணும்? அதையும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க.

— அதுக்குத்தான் கூப்பிட்டேன். 'சிட்டுவுக்கு நைலான்தான் பிடிக்கும். நான் எத்தனையோ தடவை சொன்னேன், கேக்கலை'ன்னு சொல்லிடு. அவ்வளவுதான். ரெண்டு வரி.

— ரெண்டு வரியா... அந்த ரெண்டு வரியில அவ வேலை போயிடும்க்கா.

— போனா இன்னொரு வேலை. சின்னப் பொண்ணுதானே?

— ஆஸ்பத்திரி? விதியை மீறிட்டா, கம்பெனிக்குப் பொறுப்பில்லைன்னு கையைக் கழுவிடுவாங்க. இன்னும் தோல் எடுத்து ஒட்டணுங்கறார் டாக்டர். நாங்க எங்கே போவோம்?

— நான் மேனேஜர்கிட்ட தனியா பேசுறேன்...

— நீங்க பேசி இந்த ஸ்கர்ட்டுத் துணியையே மாத்த முடியலை. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். ட்ரம்முல பொறி தட்டாம இருக்க எர்த் கம்பி மாட்டியிருந்துதா அன்னைக்கு?

— நானே என் கையால மாட்டினேன். இழுத்தும் பார்த்தேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பொறி பாவாடையிலேர்ந்துதான் கிளம்பிச்சு. உள்ளே நைலான், மேல காட்டன்... நடக்க நடக்க உரசி, அவ புனலைத் தொட்டாளோ இல்லையோ, டப்புன்னு...

— சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? கண்ணை மூடினா அதுதான் வருது எனக்கு. போதுமா?

— காலையில ரூம் வாசல்ல நீங்கதானே நிக்கிறீங்க? ஒருத்தி விடாம பாவாடை ஓரத்தைப் பிடிச்சு, விரல்ல தேச்சுப் பார்த்துத்தானே உள்ளே விடுவீங்க? காட்டனா நைலானான்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவீங்களே.

— ஆமா. அதுக்கென்ன?

— சிட்டுவைத் தேச்சுப் பார்த்தீங்களா?

— ... பார்த்தேன்.

— பார்த்தா?

— காட்டன்தான். அதான் விட்டேன். அப்புறமா மாத்திக்கிட்டிருப்பா.

— எங்கே? ட்ரம்முக்குப் பின்னாடியா?

— கக்கூஸுக்குப் போனப்ப மாத்தியிருப்பா. எனக்கென்ன தெரியும்?

— காட்டனை அவுத்துட்டு நைலானை மாட்டிக்கிட்டா... எதுக்குக்கா?

— நைலான் வழுக்கும்ல? கால்ல ஒட்டாது, லேசா இருக்கும். சின்னப் பொண்ணுங்க அப்படித்தான்...

— நல்லா இருக்கு கதை.

— கதையா? டாக்டரே சொல்லிட்டாராம், உருகி ஒட்டின துணின்னு. காட்டன் உருகுமா? எரியும். நைலான்தான் உருகும். நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லலையே?

— இல்லைதான். உருகிச்சு. உரிச்சு எடுத்தாங்க. நான்தான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வலி தெரியாம இருக்க ஊசி போட்டும் என் விரலை நெரிச்சா பாருங்க...

— போதும். சொல்லாதே.

— நீங்கதானே ஆரம்பிச்சீங்க?

— அந்தப் பாவாடை... மிச்சம் ஏதாவது இருக்கா?

— இருக்கு. இடுப்புப்பட்டியும் நாடாவும் கொஞ்சம் துணியும். நர்ஸ் பையில போட்டுக் குடுத்தாங்க.

— எங்கே வெச்சிருக்கே?

— பத்திரமா இருக்கு.

— தூக்கிப் போட்டுடு.

— ஏன்க்கா?

— ஏன்னா... அதை வீட்டுல வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருப்பியா? மனசு என்னத்துக்கு ஆகும்?

— நியாயமா நீங்க, 'கொண்டுபோய் ஆபீசர்கிட்ட காட்டு'ன்னுல்ல சொல்லணும்? நைலான்தான்னு அடிச்சுச் சொல்றீங்க. சாட்சி கையிலேயே இருக்கு. அதைப் போய் தூக்கிப் போடச் சொல்றீங்களே! அக்கா.

— என்ன?

— அந்த இடுப்புப்பட்டிக்குள்ள சிட்டு மாதிரி ரெண்டு பேர் போகலாம்.

— கடையில... அளவு மாத்திக் குடுத்திருப்பான்.

— எந்தக் கடையில? எங்க வீட்டுல நைலான் பாவாடைன்னு ஒண்ணு இருந்ததே இல்லை. உள்பாவாடை எல்லாம் நான் தச்சது. அவ இடுப்பு அளவு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்.

— இப்ப என்ன சொல்ல வர்றே நீ?

— நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க சொல்லுங்க.

— என்னை மிரட்டறியா?

— நானா? தாழ்ப்பாள் போடச் சொன்னது யாரு?

— ... கதவைத் தட்டுறாங்க. பேசாதே. யாரது?

— நான்தான்க்கா, கேட் வாட்ச்மேன். ஆபீசர் வந்துட்டார். மேனேஜர் ரூம்ல காபி குடிச்சுக்கிட்டிருக்கார். உங்களை வரச் சொன்னாங்க.

— வர்றேன்னு சொல்லு. போ.

— உடனே வரச் சொன்னாங்க...

— வர்றேன்னு சொல்றேன்ல! காபியைக் குடிக்கட்டும்!... போயிட்டானா?

— போயிட்டான். உக்காருங்க.

— விடு.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— என்னோடதுதான்.

— எது?

— என்னோடதுதான்டி! காதுல விழுந்துதா? என் பாவாடைதான். நான் உள்ளே போறவ இல்லை. வாசல்ல மேஜை போட்டு உக்காந்திருக்கிறவ. நான் நைலான் கட்டினா யாரு கேக்கப் போறா? என்னைத் தேச்சுப் பாக்க யாரு இருக்கா?

— அவளுக்கு எப்படி...

— அன்னைக்கு அவ கடைசியா வந்தா. மூச்சு வாங்க ஓடி வந்தா. ஓரத்தைப் பிடிக்கலாம்னு குனியறேன், பிடிக்க ஒண்ணுமே இல்லை. வெறும் ஸ்கர்ட்டு. 'அக்கா, இன்னைக்கு ஒரு நாள் என்னை உள்பக்கமா போடுங்க, மூடி போடுற மேஜைக்கு அனுப்புங்க'ன்னு கெஞ்சினா. ஊத்துறதுக்கு வேற ஆள் இல்லை, ரெண்டு பேர் லீவு. முடியாதுன்னேன். போய் நின்னா. அந்த லோடு ஏத்துற தடியனுங்க வேற வந்து உக்காந்துட்டானுங்க. ஒருத்தன் விசிலடிச்சான். இவ ஸ்கர்ட்டைக் கையால கொத்தாப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா... அந்தக் கையால புனலை எப்படிப் பிடிப்பா? எனக்குப் பொறுக்கலை.

— கூப்பிட்டீங்களா?

— இந்த ரூமுக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். என்னோடதை அவுத்து அவ கையில குடுத்தேன். 'அக்கா, இது நைலானாச்சே'ன்னா. 'ஒரு நாள்தானேடி, ஒண்ணும் ஆகாது, கட்டிக்கோ'ன்னேன். நாடாவைக்கூட நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். இதே இடத்துல... போதுமா? எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— எனக்குத் தெரியும்க்கா.

— தெரியுமா?

— மயக்கம் தெளிஞ்சதும் சிட்டு சொல்லிட்டா. 'அக்கா மேல தப்பு வந்துடக்கூடாது அண்ணி, எனக்காகத்தான் குடுத்தாங்க'ன்னா. அந்த வலியிலயும் உங்களைப் பத்திதான் பேசினா.

— தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னைப் போட்டு வறுத்தே?

— நீங்களா சொல்லுவீங்களான்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா எல்லாத்தையும் அவ தலையிலேயே கட்டப் பார்த்தீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

— எரியும்தான். எரியட்டும். இந்த வயசுல என்னை வெளியே அனுப்பினா எவன்டி வேலை குடுப்பான்? அந்தப் பயத்துல புத்தி எங்கெங்கேயோ போயிடுச்சு. பிள்ளை மாதிரி அவ... அவ அங்கே எனக்காகப் பேசறா, நான் இங்கே... ச்சே.

— அழாதீங்க. மூஞ்சியைத் துடைங்க.

— அந்தப் பையைக் குடு. நானே கொண்டுபோய் ஆபீசர் மேஜையில வெச்சுடறேன். 'அவ மேல தப்பில்லை, சூப்பர்வைசர் நான்தான் குடுத்தேன், நான் சொல்லித்தான் கட்டினா'ன்னு சொல்லிடறேன். ஸ்கர்ட்டுத் துணியைப் பத்தியும் சேர்த்தே சொல்றேன். வேலை போறதுன்னா அதைச் சொன்னப்புறம் போகட்டும். குடு. சிட்டுவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக விடமாட்டேன். இன்னும் என்ன யோசனை?

— நீங்க சொன்னதும் ஆபீசர் இன்னொண்ணு கேப்பாரேக்கா.

— என்ன கேப்பார்?

— மத்த நாளெல்லாம் காட்டன் கட்டிக்கிட்டு வந்தவ, அன்னைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்லாம வந்தான்னு.

— எழுந்திரிக்க நேரமாயிருக்கும். அவசரத்துல மறந்திருப்பா.

— மறக்கலை. தேடியிருக்கா. வீடு பூரா தேடித்தான் நேரமாயிருக்கு.

— தேடினாளா? அவ பாவாடை எங்கே போச்சு?

— வாங்க, உங்ககூட நானும் வர்றேன், அவர்கிட்டேயே சொல்லிடறேன்... ராத்திரி பூரா மழைக்கா. என்னோடது எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். அவளோடது ஒண்ணுதான் காஞ்சிருந்துது. அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அதை நான் கட்டிக்கிட்டு, சொல்லாம கொள்ளாம முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்... அவ இன்னும் அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேக்கலைக்கா.