விட்டுப்போன ஒரு கோப்பு

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் திரைமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிப்பார்கள். நான் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் உரிப்பேன். அந்த அளவுக்கு ஒழுங்கு பார்க்கிற ஆள். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷினைப் பன்னிரண்டு வருடமாக நான்தான் இயக்குகிறேன். அதனுடைய கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டதால் புதியது வாங்கினார்கள். புரோகிராம்கள், நோயாளிகளின் விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றி முடித்தேன். மறுநாள் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கம்பெனிக்காரன் ஒரு வாரம் கேட்டான். நம்ம ஆள் ஒரே நாள்ல முடிச்சிட்டாரு பாருங்க." கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது வாரம், பழையதைத் தூக்கிப்போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். ஒரு சின்னக் கோப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. எங்கள் மெஷின் நாம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கதிரைப் பாய்ச்சும். அந்தக் கூடுதலைக் கழிப்பதுதான் அந்தக் கோப்பின் வேலை. புதியதில் அது இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்றால், அளவு ஏன் திடீரென்று இறங்கியது என்று யாராவது கேட்பார்கள். அதனால் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு தையல்காரர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். "முன்னெல்லாம் இப்படி எரியலையே தம்பி."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்ணே," என்றேன். அடுத்த மாதம் அவர் மகள் வந்து சிகிச்சை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இறந்தவர்கள் பத்தொன்பது பேர் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து பதினேழுதான். மற்ற இரண்டு பேரும் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள்.

பிறகு என் தங்கைக்கும் அந்த நோய் வந்தது. "நீ இருக்கிற எடத்துல எனக்கென்னண்ணா பயம்," என்று சிரித்துக்கொண்டே மேசையில் ஏறிப் படுத்தாள். அவள் முறை வரும்போது கோப்பைச் சேர்ப்பேன். அவள் இறங்கியதும் நீக்கிவிடுவேன். கம்ப்யூட்டரில் தானாக விழுந்த அந்தப் பதிவுகளை வைத்துத்தான் என்னைப் பிடித்திருக்கிறீர்கள்.

நீக்காமல் விட்டிருந்தாலே போதுமே, அதற்குப் பிறகு வந்தவர்களாவது பிழைத்திருப்பார்களே என்று கேட்கிறீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் விட்டிருந்தால், அதுவரை நடந்தது தப்பு என்று ஆகியிருக்கும்.

என்னைக் கவனக்குறைவான ஆள் என்று மட்டும் எழுதாதீர்கள். என் தங்கை நன்றாக இருக்கிறாள், அவளையே கேட்டுப் பாருங்கள். அவளுக்குச் சிகிச்சை கொடுத்த இருபத்தைந்து நாளில் ஒரு நாள்கூடச் சேர்க்க மறந்ததில்லை. நீக்கவும் மறந்ததில்லை.