என் மனதுக்கு நான் எழுதிய பத்திரம்

விழாவுக்குத் தலைமை தாங்கி, வரவேற்புரை முடிவதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட மன்றத் தலைவர், மதிப்பிற்குரிய அண்ணாச்சி சிவகணேஷ் அவர்களே! மேடையில் இடம் பிடித்த பெருமக்களே! மேடையில் இடம் கிடைக்காத வருத்தத்தை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் செல்போனுமாக வந்து, இரண்டையும் ஒருசேர அமைதிப்படுத்தும் ஆற்றல் பெற்ற தாய்மார்களே! காலையிலிருந்து தறிச் சத்தம் கேட்டது போதாதென்று என் சத்தத்தையும் கேட்க வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! சுண்டல் வாளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே அமர்ந்திருக்கும் அறிவிற் சிறந்த நண்பர்களே! பத்திர எழுத்தர் சங்கரநயினாராகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'எண்ணத்தைக் கவனிப்போம், நம்மை மாற்றுவோம்'. மாற்றம் வேண்டும், மாற்றம் வேண்டும் என்கிறோம். மாற வேண்டியது யார்? மருமகள் மாற வேண்டும் என்கிறார் மாமியார். மாமியார் மாற வேண்டும் என்கிறாள் மருமகள். இருவரும் மாறட்டும் என்று மாடிக்குப் போய்விடுகிறான் மகன். ஆக, இந்தச் சங்கரன்கோவிலில் மாற்றத்தை விரும்பாதவர் ஒருவரும் இல்லை. மாற வேண்டியவர் மட்டும் எப்போதும் எதிர்வீட்டில் இருக்கிறார்.

எண்ணத்தைக் கவனிக்கவும் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடுத்தவர் எண்ணத்தைக் கவனிப்பதில் நாம் அனைவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் அல்லவா? ஒருவர் வணக்கம் சொன்னால், 'என்னமோ காரியம் ஆகணும் போல' என்கிறோம். சொல்லாவிட்டால், 'தலக்கனத்தப் பாத்தியா' என்கிறோம். அவர் உள்ளத்தில் ஓடுவது அவருக்கே தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம் உள்ளத்தில் என்ன ஓடுகிறது? அதைப் பார்க்க மட்டும் நேரமில்லை.

அம்மை கோமதி ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த மண் இது. தவத்துக்காக அவள் நின்றாள். பிடிவாதத்துக்காக ஒற்றைக் காலில் நிற்பவர்கள் நாம். நான் யாரையும் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். இந்த மேடையில் ஒரு மணி நேரமாக அமர்ந்திருந்தேனே, முகத்தில் புன்னகை, கழுத்தில் துண்டு, கண்களில் கருணை. உள்ளே ஓடியது என்ன? தலைவருக்குப் போர்த்திய பொன்னாடையில் சரிகை அகலம். எனக்கு வைத்திருப்பது மேசைக்கடியில் மஞ்சள் பைக்குள் இருக்கிறது. அதன் ஓரம் மட்டும் தெரிகிறது. சரிகை இருக்கிறதா இல்லையா? எனக்கு முன் பேசியவர் பேசியதில் ஒரு சொல்லாவது என் காதில் விழுந்திருக்குமா? சத்தியமாக இல்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். முன்வரிசையில் இருந்துகொண்டு அந்த மஞ்சள் பையையே பார்த்தவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, மரத்தடியில் முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். பத்திரத்தில் ஒரு நிலத்துக்கு நாலெல்லை எழுதுவோம். கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் கிணறு. கண்ணால் கண்டதைத்தான் எழுதலாம். 'கிழக்கே பொறாமைக்காரன் வீடு' என்று எழுத முடியுமா? எழுதினால் பதிவார்களா? இத்தனை வருடம் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை எழுதிய நான், என் மனதுக்கு ஓர் எல்லைக்கல்கூட நட்டதில்லை.

இந்தத் தலைப்பு வந்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். பத்து நாள் என் எண்ணங்களை வந்தது வந்தபடி எழுதுவது, அதில் நல்லதாகப் பொறுக்கி இங்கே பேசுவது என்று திட்டம். உயர்ந்த சிந்தனைகள் ஊற்றெடுக்கும், ஒரு நோட்டு போதுமா என்றுகூடக் கவலைப்பட்டேன். சபையோரே, பத்தாம் நாள் புரட்டிப் பார்க்கிறேன். பாதிப் பக்கங்களில் ஒரே எண்ணம். பல் தேய்க்கும்போது அது. சாப்பிடும்போது அது. சாமி கும்பிடும்போது, கண்ணை மூடியதும் முதலில் அது. என்ன எண்ணம்? 'எம்புட்டு நேரம் தெருமுனையில நிக்க வச்சாவ!'

"சுருக்கமா சொல்லும்வே!" என்று குரல் கொடுப்பவர் என் பக்கத்து மேசைப் பத்திர எழுத்தர் வேல்சாமி. சுருக்கமா சொல்லதுக்கு நான் என்ன ரசீதா எழுதுதேன்? பத்திரம்வே, பத்திரம்! முழுசாத்தான் வரும்.

என் உடன்பிறந்த அக்காள் பிரம்மநாயகி, வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகள் ஸ்ருதி பெரியவளானதற்குப் பதினோரு வருடத்துக்கு முன் சடங்கு வைத்தார்கள். நான் தாய்மாமன். இருபத்தொரு தாம்பாளம் சீர், மேளம், நாதஸ்வரம், வேன். தாய்மாமன் சீர் வந்தால் வீட்டார் ஆரத்தித் தட்டோடு தெருமுனைக்கு வந்து எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அதுதானே முறை? தெருமுனையில் இறங்கினேன். மேளம் முழங்கியது. நாதஸ்வரம் முழங்கியது. நின்றேன். நின்றேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு மனிதர் வரவில்லை. நாற்பது நிமிடம்! நாதஸ்வரக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, நாங்க முன்னால போயி சொல்லட்டுமா?" நான் சொன்னேன்: "கேட்டு வாங்குத மரியாதை நமக்கு வேண்டாம்வே. தட்ட எல்லாம் வேன்ல ஏத்து!"

ஏற்றினேன். திரும்பினேன். பதினோரு வருடம் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தாய்மார்கள் சிலர் உச்சுக் கொட்டுகிறீர்கள். அவசரப்பட்டு என் மேல் இரக்கப்பட வேண்டாம். கதை இன்னும் முடியவில்லை.

பதினோராம் நாள், நான் வேறொன்று செய்தேன். அந்த எண்ணத்தையே பத்திரமாக எழுத உட்கார்ந்தேன். கண்டது மட்டும் எழுத வேண்டும், கருதியது எழுதக் கூடாது. 'வேண்டுமென்றே அவமதித்தார்கள்' என்று எழுதினேன். கண்டேனா? இல்லை. அடித்தேன். 'அத்தான் வீட்டாரின் சதி' என்று எழுதினேன். கண்டேனா? இல்லை. அடித்தேன். அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: 'தெருமுனையில் நின்றேன், யாரும் இல்லை.' சரி, நேரம் போட வேண்டுமே? பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தச் சடங்கு அழைப்பிதழை எடுத்தேன். என் பெயரை ஐந்தாவது வரியில் போட்ட குற்றத்துக்குச் சாட்சியாக வைத்திருந்தது அது. பதினோரு வருடத்தில் நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். நூறு தடவையும் ஐந்தாவது வரியைத்தான் பார்த்தேன். அன்றுதான் கீழே நேரத்தைப் பார்த்தேன்.

காலை பத்தரை மணிக்கு மேல்.

நான் போய் இறங்கியது எத்தனை மணிக்கு? ஒன்பது மணிக்கு! ஏன் ஒன்பதுக்குப் போனேன்? என் சித்தப்பா மகனும் சீர் கொண்டு வருகிறான், அவன் சீர் எனக்கு முன்னால் நுழைந்துவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு போனேன். முந்தி வந்தவன் நான். வரவேற்க ஆளில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவனும் நான். ஒன்பதே முக்காலுக்குள் கோபித்துக்கொண்டு திரும்பியாகிவிட்டது!

அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பிரேமலதா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தான் மணியப் பாக்கியளாக்கும்?" என்றாள். "ஒங்க அக்கா அன்னைக்கு வீட்டோட கோயிலுக்குப் போயிட்டு வந்து, பத்து மணிக்கே ஆரத்தித் தட்டோட தெருமுனையில வந்து நின்னாவளாம். தம்பி வந்துருவான், தம்பி வந்துருவான்னு பன்னெண்டு மணி வரைக்கும் நின்னாவளாம். கற்பூரம் கரைஞ்சி போச்சாம். அந்த வாரமே சொன்னேன். நீங்க காதுலயே வாங்கல."

சொல்லியிருக்கிறாள், சபையோரே. எனக்கும் நினைவு வந்தது. 'சும்மா கதை விடுதாவ' என்று ஓர் எண்ணம் எழுந்தது, அதை நான் நம்பினேன். மனைவியை நம்பவில்லை, அக்காளை நம்பவில்லை, எங்கிருந்தோ எழுந்த ஓர் எண்ணத்தை நம்பினேன். நாற்பது நிமிடம் நின்றதற்குப் பதினோரு வருடம் கோபப்பட்டேன். இரண்டு மணி நேரம் நின்றவர் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. வெட்கமாக இருக்கிறது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வருகிற புதன்கிழமை ஸ்ருதிக்குக் கல்யாணம். நான் இந்த நோட்டு வாங்குவதற்கு முன்பே, அழைப்பிதழோடும் தாம்பூலத்தோடும் அக்காள் மூன்று முறை என் வீட்டுக்கு வந்தார். மூன்று முறையும் நான் உள்ளறையில் இருந்துகொண்டே 'வெளியூர் போயிருக்காவ' என்று பிரேமலதாவைச் சொல்ல வைத்தேன். என் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவர் அந்தச் செருப்பைப் பார்த்திருப்பார். பார்த்தும் தாம்பூலத்தை வைத்துவிட்டுப் போனார்.

தறியில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறோம், முடிச்சுப் போடுகிறோம், பிறகுதான் ஓட்டுகிறோம். உறவில் ஓர் இழை அறுந்தால் மட்டும் ஏன் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம்? எழுகிற எண்ணமெல்லாம் உண்மையா? உரத்துக் கேட்பதெல்லாம் உண்மையா? உள்ளே ஒருவன் ஓயாமல் உளறுகிறான்; அவன் உளறியதற்கெல்லாம் நாம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? கண்டாயா என்று கேளுங்கள். கருதினாயா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பாதி எண்ணங்கள் பதில் சொல்லாமல் ஓடும். மீதி ஒன்று நிற்கும். அது பெரும்பாலும் நம் பிழையாகத்தான் இருக்கும். அதைப் பார்க்கப் பயந்துதானே நாம் அத்தனை சத்தம் போடுகிறோம்!

கைதட்டுகிறீர்கள். பாருங்கள், இப்போதும் ஒன்று எழுகிறது. 'அக்காவிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுவிடு, அரங்கம் அதிரும்' என்கிறது. மைக்கில் மன்னிப்புக் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். வாசலில் கேட்டால் யார் தட்டுவார்கள்? அதனால்தான் அது வாசலில் கேட்க வேண்டியது. ஐந்து நாற்பதுக்கு வாசுதேவநல்லூர் பஸ். இப்போது ஐந்து இருபது.

தலைவர் அவர்களே, அந்த மஞ்சள் பையை எடுக்க வேண்டாம். பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் நிற்காமல் ஒரு பேச்சாளர் மேடையை விட்டு இறங்குவது இந்த ஊர் வரலாற்றில் அநேகமாக இதுதான் முதல் முறை. வலிக்கத்தான் செய்கிறது. சரிகை உண்டா என்று மட்டும் நாளைக்குச் சொல்லுங்கள்.

என்ன வேல்சாமி? "அக்காளுக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா" என்கிறார். வேண்டாம்வே! நீரு சொன்னா, அவ இப்பவே தட்டத் தூக்கிக்கிட்டு தெருமுனைக்கு வந்து நிப்பா. நின்னதெல்லாம் போதும். இந்தத் தடவ யாரும் கூப்பிடாம நானே போயி வாசல்ல நிக்கேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், உச்சுக் கொட்டிய தாய்மார்க்கும், சுண்டலுக்காகவேனும் அமர்ந்திருந்த நண்பர்க்கும் நன்றி. ஆயிரக்கணக்கான பத்திரங்களில் பிறருக்காக நான் எழுதிய சொற்களை முதன்முறையாக எனக்காகச் சொல்கிறேன்: சுயநினைவோடும், மனப்பூர்வமாகவும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் இந்த மேடையை விட்டு இறங்குகிறேன். வணக்கம். வழி விடுங்க மக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.