நாலு விரல் ஓரம்

படத்துக்குச் சட்டம் போடுகிறவன் படத்தைப் பார்க்க மாட்டான். மூலை நான்கும் சரியாக இருக்கின்றனவா, துணி எங்கேயாவது தொய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான். முப்பது வருடமாக நானும் அப்படித்தான் பிழைப்பை ஓட்டினேன். தங்கையின் படங்களை மட்டும் முழுதாகப் பார்த்தேன். ஆசைப்பட்டு அல்ல, பயந்து.

டாக்டர், போன வாரம் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். காப்பகத்தில் அவள் வரைந்த படத்தை என் மேஜையில் விரித்தீர்கள். "சட்டம் போடணும்" என்று சொல்லிவிட்டு, படத்தை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கெட்டிக்காரர்தான். இதோ, வேலையை முடித்து அனுப்புகிறேன். கூடவே இந்தக் காகிதங்களும் வருகின்றன. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் வேலை மிச்சம்.

அவளை நாங்கள் நண்டு என்று கூப்பிடுவோம். அப்பா வைத்த பெயர். நேராக நடக்கத் தெரியாது, பக்கவாட்டில்தான் ஓடுவாள். அம்மா அவள் பிறந்த வருடமே போய்விட்டாள். அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். அப்பா பாறையில் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டார், திரும்பவில்லை. ஊர் அறிந்த கதை இது. அந்த நேரத்தில் நண்டு மணலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். கேட்கும்போதெல்லாம் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை, அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு நான் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் அவளை வளர்த்தேன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் உருகுவார்கள். வளர்த்தது உண்மை. தலை வாரிவிட்டேன், காய்ச்சல் வந்தால் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

கடையின் மாடியில்தான் அவள் வரைவாள். அவள் வேலை செய்யும் விதமே தனி. கடலைப் பார்த்து வரைய மாட்டாள். கடற்கரைக்குப் போக அவளுக்குப் பயம், புகைப்படம் என்றாலே முகத்தைச் சுளிப்பாள். வெறும் துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு இடது ஓரத்தில் ஆரம்பித்து, கை போன போக்கில் வலது பக்கம் நகர்வாள். துணி முழுக்க, விளிம்பு வரைக்கும் வண்ணம் இருக்கும். காய்ந்ததும் சுருட்டி என்னிடம் கொடுத்துவிடுவாள். அதற்கப்புறம் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். "வெளிய போயிடுச்சுண்ணா, இனிமே அது எனக்கு வேணாம்" என்பாள்.

துணியை மரச்சட்டகத்தில் இழுத்து மாட்டும்போது சுற்றிலும் நாலு விரல் அகலம் பின்னால் மடியும். அது தொழில். எந்தப் பக்கம் எவ்வளவு மடிப்பது என்பது என் கையில்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு படத்தின் வலது விளிம்பில் ஒரு பாறை வந்திருந்தது. அந்தப் பாறை எனக்குத் தெரியும். மேலே தட்டையாக, கடல் பக்கம் சரிந்து இருக்கும். மடித்தேன், பாறை பின்னால் போய்விட்டது. அடுத்த படத்தில் பாறையின் மேல் ஏதோ கறுப்பாக நின்றது. மடித்தேன். மூன்றாவதில் அதற்குக் கால்கள் இருந்தன. பிறகு நீலச் சட்டை வந்தது. கீழே, பாறையின் விளிம்பில், இரண்டு கைகள் வந்தன.

நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். மாடியில் அவள் பாட்டு முணுமுணுத்தபடி வரைந்துகொண்டிருப்பாள். கீழே நான் இழைப்புளியைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ என்று நடுங்கிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு படத்திலும் பாறை ஒரு விரல், இரண்டு விரல் உள்ளே நகர்ந்தது. நானும் மடிப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். அவள் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிற அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்: "என்னங்க, வர வர கடல் ஒல்லியாகிட்டே போகுது?" துணி சுருங்குகிறது என்று சொன்னேன். நம்பிவிட்டார்.

எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதீர்கள். நண்டும் பயந்தாள். வரையும்போது நடுவில் நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். ஆனாலும் விடமாட்டாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

"அண்ணா, அன்னிக்கு அப்பாகூட இன்னொரு ஆள் இருந்திருக்கான்."

"யாரும் இல்லையே."

"இருந்தான். எனக்கு வருதே. அப்பாவைத் தூக்கி விடத்தான் வந்திருக்கான், பாவம், முடியல போல. அவன் யாருன்னு கண்டுபிடிக்கணும். ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்ல?"

அவளே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு மட்டும் புரியல. அவன் கை குடுக்குற மாதிரி வரையணும்னுதான் ஆரம்பிக்கிறேன். கை வரவே மாட்டேங்குது. கால்தான் வருது. நீ கொஞ்சம் இந்த முக்காலி மேல ஏறி நில்லேன். பாத்து வரையிறேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏறினேன். குனிந்து கையை நீட்டச் சொன்னாள், நீட்டினேன். வரைந்தாள், துணியால் துடைத்தாள். மறுபடி வரைந்தாள், மறுபடி துடைத்தாள். "நிக்கிறதுதான் சரியில்ல. வலது காலைக் கொஞ்சம் முன்னாடி வை" என்றாள். வைத்தேன். முக்காலி ஆடியது. விழாமல் இருக்கக் குதிகாலை விளிம்பில் அழுத்தினேன்.

தூரிகை நின்றுவிட்டது. அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மேலே, என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் முகத்தில் ஏழு வயதுப் பிள்ளை வந்து நின்றதை நான் பார்த்தேன்.

"போதும்ணா. இறங்கு" என்றாள். தூரிகையைக் கழுவப் போனாள்.

மூன்று நாள் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே தட்டை வைப்பேன், அப்படியே திரும்பி வரும். நான்காம் நாள் நான் மரம் வாங்கப் போயிருந்தபோது கண்காட்சி அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். அந்த அம்மா பதறிப்போய் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "உங்க தங்கச்சி என்னென்னவோ சொல்றாங்க. எல்லாப் படத்துலயும் அந்த ஆளை வரைஞ்சிருக்காங்களாம். நீலச் சட்டையாம். அது நீங்கதானாம்."

நான் கோபப்படவில்லை. கடையில் இருந்த ஏழு படங்களையும் எடுத்து வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தேன். "நீங்களே பாருங்க" என்றேன்.

கடலும் மணலும் வானமும்தான் இருந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை. பாறைகூட இல்லை.

நண்டு பார்த்தாள். முதல் படத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்து வலது ஓரத்தை விரலால் தடவினாள். அடுத்ததற்குப் போனாள். ஏழாவதை எடுத்துத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கத்தில் தூசி போகாமல் இருக்க நாங்கள் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடிவிடுவோம், அதுவும் தொழில்தான். "நான் வரைஞ்சேனே, வரைஞ்சேனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களைக் கேட்கவில்லை. கண்காட்சி அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நாளா இப்படி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கொஞ்ச நாளாகவே என்று சொன்னேன்.

உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டருக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஒரே இடத்தை நாற்பது தடவை வரைந்தவள், இல்லாத ஆளை இருக்கிறான் என்கிறாள், வளர்த்த அண்ணனைக் கண்டால் மேஜைக்கு அடியில் ஒளிகிறாள். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். தூரிகை, வண்ணம் எதுவும் கொடுக்க வேண்டாம், பார்த்தால் பயப்படுகிறாள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்து வருகிறேன். அவளுக்கு நல்லதைத்தான் செய்தேன். பாதுகாப்பான இடம், வேளைக்குச் சாப்பாடு. வெளியே இருந்திருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்குமோ, எனக்கே தெரியாது.

நீங்கள் புதிதாக வந்தீர்கள், வண்ணம் கொடுத்துவிட்டீர்கள். அவளும் பாறையை நட்ட நடுவில் வைத்துவிட்டாள். மடிக்க இடமே இல்லை. படத்தைப் பார்த்ததும் பயந்துவிடுவேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. வெகுநாள் கழித்து அன்றைக்கு மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கல்லூரியில் என்னைப் பாதியிலேயே நீக்கியிருந்தார்கள். வீட்டில் முதல் வகுப்பில் தேறிவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை தானே வந்து முதல்வருக்கு நன்றி சொல்லப் போவதாகப் பாறையில் நடக்கும்போது சொன்னார். பிறகு வழுக்கினார். அது தானாக நடந்தது, நான் தள்ளவில்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. முதலில் வலது கையை மிதித்தேன், பிறகு இடது கையை.

கடையில் இருக்கும் படங்களின் பின்பக்கக் காகிதத்தைக் கிழித்துப் பாருங்கள், எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நண்டு பொய் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்தக் கடைசிப் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அவளிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அப்பாவின் முகத்தில் பயத்தை வரைந்திருக்கிறாள். அவள் தூரத்தில் இருந்தாள், சரியாகத் தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் இருந்தேன். நான் குனிந்து வருவதைப் பார்த்ததும் அவர் சிரித்தார், டாக்டர். "வந்துட்டியாப்பா" என்றார்.